பத்து வருடம் அவகாசம் தரும் புற்றுநோய்

தீட்டு நின்று ஆறு வருடம் கழித்து எங்கள் பெரியம்மாவுக்கு மறுபடி லேசாக உதிரம் பட ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டார். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தார், இளநீர் குடித்தார். நின்றது போலத் தெரிந்தது, அப்புறம் மறுபடி வந்தது. இப்படியே எட்டு மாதம் போனது. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. இடுப்பு வலி தாங்காமல் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், மூன்றாம் நிலை என்றார்கள்.

அந்த எட்டு மாதத்தை நினைத்துத்தான் வீட்டில் எல்லோரும் மாய்ந்துபோனார்கள். நானும் அப்படித்தான். பிறகு இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் தவறவிட்டது வெறும் எட்டு மாதம் இல்லை. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து வருடம் அந்த நோய் காத்திருந்திருக்கிறது. எந்த வருடத்தில் யார் பார்த்திருந்தாலும் அரை மணி நேர வேலையோடு முடிந்திருக்கும். பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இவ்வளவு அவகாசம் தருவது வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அப்படியிருந்தும் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் ரத்தத்தில் வருவது வேறு, வாயில் வருவது வேறு, மார்பகத்தில் வருவது வேறு. வேகமும் வேறு, மருந்தும் வேறு. அடிப்படை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். உடம்பில் ஒவ்வொரு செல்லும் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், கெட்டுப்போனால் எப்போது தானாகவே செத்துப்போக வேண்டும் என்று அதன் மரபணுக்களில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தில் பிழைகள் சேர்ந்து, நிறுத்தும் உத்தரவும் சாகும் உத்தரவும் கேட்காமல் போன ஒரு செல்லின் வாரிசுகள்தான் புற்றுநோய். சாதாரணக் கட்டியும் பெருகும், ஆனால் தன் எல்லைக்குள் இருக்கும். புற்று தன் வேலியை உடைத்துப் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கும். அங்கிருந்து நிணநீர் வழியாகவும் ரத்தம் வழியாகவும் தூரத்து உறுப்புகளுக்குப் போய்க் குடியேறும்.

இது எப்படி நடக்கிறது என்பது பல புற்றுநோய்களில் இன்னும் பாதிதான் விளங்கியிருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் மட்டும் ஏறக்குறைய முழுக் கதையும் தெரியும். காரணம், இதைத் தொடங்கிவைப்பது ஒரு வைரஸ். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பது முழுப் பெயர், எச்.பி.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை மருவோடு நின்றுவிடும். புற்றுக்குக் கொண்டுபோவது ஒரு டஜன் வகைகள், அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள்தான் உலக அளவில் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளுக்குக் காரணம். இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வைரஸ் செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் புற்றுநோய் என்றால் என்ன என்பதே அதில் விளங்கிவிடும். வைரஸால் தானாகப் பெருக முடியாது. பிரியும் செல்லின் நகலெடுக்கும் ஏற்பாட்டை இரவல் வாங்கித்தான் அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும். ஆனால் மேல்தோல் செல்கள் மேலே வர வரப் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. நிறுத்திவைப்பது ஆர்பி என்ற புரதம், வண்டிக்கு பிரேக் மாதிரி. வைரஸ் இ7 என்ற புரதத்தை அனுப்பி இந்த பிரேக்கை விடுவிக்கிறது. பிரேக் திடீரென்று விடுபட்டால் செல்லுக்குள் இன்னொரு காவல் விழித்துக்கொள்ளும். பி53 என்ற அந்தப் புரதம், ஏதோ தப்பு நடக்கிறது, இந்தச் செல் செத்துவிடட்டும் என்று உத்தரவு போடும். அதற்கும் வைரஸிடம் ஆள் இருக்கிறது. இ6 என்ற புரதம் பி53-ஐப் பிடித்து அழித்துவிடுகிறது. பிரேக்கும் இல்லை, காவலும் இல்லை. பிரியப் பிரிய மரபணுவில் வரும் பிழைகளைத் திருத்த ஆளில்லாமல் வருடக்கணக்கில் பிழை மேல் பிழையாகச் சேர்கிறது. புற்று உண்டாவதில் வைரஸுக்கு எந்த லாபமும் கிடையாது. அதன் பிழைப்புக்காகக் கழற்றிப்போட்டது நமக்கு எமனாகிறது.

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற 31 வயதுப் பெண் இதே நோயில் இறந்தார். அவரைக் கேட்காமலேயே அவருடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இருப்பது 18-ஆம் வகை வைரஸின் மரபணு. அந்தச் செல்களில் இ6, இ7 இரண்டையும் ஆய்வகத்தில் அணைத்துப் பார்த்தார்கள். இத்தனை காலம் நிற்காமல் பெருகிய செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டன. காவலும் பிரேக்கும் உள்ளே அத்தனை வருடமும் இருந்திருக்கின்றன, கட்டிப்போட்ட நிலையில். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

சரி, இந்த வைரஸ் யாருக்கு வரும்? தாம்பத்திய உறவு உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும். இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. ஒரே கணவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு பேருக்கு வந்தால் ஏறக்குறைய தொண்ணூறு பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். மிச்சமுள்ளவர்களில் சிலருக்குத்தான் அது தங்கும். புகையிலைப் பழக்கமும், எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி குறைவதும், நிறையப் பிரசவங்களும் அதைத் தங்கவைக்க உதவுகின்றன.

அது தங்கும் இடம் விரல் நுனி அளவுதான். கர்ப்பப்பை வாயின் உள்பக்கத்து மென்மையான படலமும் வெளிப்பக்கத்து அடுக்குத் தோலும் சந்திக்கும் வட்டம் அது. அங்கே முதலில் சில செல்கள் உருமாறும். பிறகு அடுக்கு அடுக்காக மேலே ஏறும். ஆனால் அடியில் உள்ள மெல்லிய சவ்வைத் தாண்டாதவரை அது புற்று ஆகாது, புற்றுக்கு முந்தைய நிலைதான். சவ்வைத் தாண்ட ஆரோக்கியமான உடம்பில் பொதுவாகப் பத்து, பதினைந்து வருடம் பிடிக்கும், இருபதும் ஆகலாம். எந்த வலியும் இருக்காது, எந்த அறிகுறியும் இருக்காது. நான் சொன்ன அவகாசம் இதுதான்.

சவ்வைத் தாண்டிய பிறகு கதை வேறு. உறவுக்குப் பின் ரத்தம், தீட்டு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று அறிகுறிகள் தெரியும். பக்கவாட்டில் பரவினால் முதலில் அகப்படுவது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய். அது கர்ப்பப்பை வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளித்தான் போகிறது. அதை நெரித்துவிட்டால் சிறுநீரகம் வீங்கிச் செயலிழக்கும். பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் அப்படித்தான் ஆகியிருந்தது.

பயாப்ஸி எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் ஒரு பெரியவர், கத்தி பட்டால் பரவிவிடும் என்று தடுத்தார். நம் ஊரில் இது பலமாக வேரூன்றிய பயம். கர்ப்பப்பை வாயில் பயாப்ஸி என்பது அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுப்பது, அவ்வளவுதான். அதனால் புற்று பரவுவதில்லை. அந்தச் சதையை நுண்ணோக்கியில் பார்க்காமல் எந்த நல்ல மருத்துவரும் சிகிச்சை தொடங்க மாட்டார். அதற்குப் பயந்து தள்ளிப்போடும் நாட்களில்தான் நோய் பரவுகிறது.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ரத்தப்போக்கு என்று போனால், ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு, குழந்தை குட்டி பெற்றாகிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்காமல் அப்படி எடுத்து, எடுத்த கர்ப்பப்பையில் புற்று இருந்தது என்று பிறகு தெரியவந்தால் அந்தப் பெண்ணின் பாடு திண்டாட்டம். சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவையும் புற்றுக்கான அறுவையும் ஒன்றல்ல. புற்றுக்குச் சுற்றியுள்ள திசுவையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். பாதி எடுத்துவிட்ட பிறகு கதிர்வீச்சு கொடுப்பதும் சிரமம், ஏனென்றால் உள்ளே வைத்துக் கதிர் கொடுக்கும் கருவியைப் பொருத்துவதற்குக் கர்ப்பப்பையே இருக்காது. அதனால் எடுக்கலாம் என்று யார் சொன்னாலும், வாயைப் பரிசோதித்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு. கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே இருந்தால் முதல் நிலை. பக்கத்தில் பரவி இடுப்புச் சுவரைத் தொடாமல் இருந்தால் இரண்டு. சுவரைத் தொட்டாலோ, சிறுநீரகத்தை அடைத்தாலோ, நிணநீர் முடிச்சுகளில் ஏறினாலோ மூன்று. சிறுநீர்ப்பை, மலக்குடல் அல்லது தூரத்து உறுப்புக்குள் போயிருந்தால் நான்கு. முதல் நிலையில் வந்தால் நூறில் எண்பதுக்கு மேற்பட்டோர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். நான்காம் நிலையில் அது இருபதுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

சிறிய கட்டியாக முதல் நிலையில் இருந்தால் அறுவை சிகிச்சையே போதும். இதில் 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு மருத்துவர்களையே திகைக்கவைத்தது. சிறு துளை வழியாகச் செய்த நவீன அறுவையைவிட, வயிற்றைத் திறந்து செய்த பழைய முறையில்தான் நோய் திரும்பாமல் அதிகம் பேர் இருந்தார்கள். நாலரை வருடக் கணக்கில் 86 சதவீதம், 96.5 சதவீதம் என்ற அளவுக்கு வித்தியாசம். தழும்பு சிறிதாக இருப்பது நல்லதுதான், ஆனால் இந்த நோயில் அது முக்கியமில்லை.

நம் ஊரில் பெரும்பாலோர் கட்டி பெரிதான பிறகே வருகிறார்கள். அவர்களுக்கு அறுவை கிடையாது, கதிர்வீச்சும் கீமோவும்தான். பெரிய நிலையில் இருப்பதால் ஆபரேஷன் செய்யாமல் கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் கலங்குகிறார்கள். கைவிடுவதே இல்லை. குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் அதைக் கொடுக்கிறார்கள், மூன்றாம் நிலையிலும் குணமாகிறவர்கள் நிறைய.

கதிர்வீச்சை ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து நாள் அல்லது கொஞ்சம் கூட. ஒரு நாளைக்குச் சில நிமிடம். வலிக்காது, சுடாது. கதிர் செல்லின் மரபணுவை உடைக்கிறது. உடைந்ததை இரவுக்குள் நல்ல செல் ஓரளவு சரிசெய்துகொள்ளும், காவல் இழந்த புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் சிறுகச் சிறுகக் கொடுக்கிறார்கள்.

பெரியம்மாவின் இடுப்பில் இரண்டு பக்கமும் மையால் கோடு போட்டிருந்தார்கள். குளிக்கும்போது அது அழியக் கூடாது என்று துண்டை நனைத்து ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொள்வார். தினமும் மெஷினுக்குள் போவதற்கு முன் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். நிரம்பிய பை குடலை மேலே தள்ளும், குடலில் கதிர் படுவது குறையும். பெஞ்சில் வரிசையாகப் பெண்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தண்ணீர் பாட்டில். நாலாவது வாரம் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. மோரும் சோறும் யார் வீட்டில் எப்படிக் கரைத்தார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

வாரம் ஒருமுறை கூடவே சிஸ்பிளாட்டின் ஏறும். பிளாட்டினம் சேர்ந்த மருந்து. 1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் பாக்டீரியாக்கள் மேல் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை பிரியாமல் நீண்டுகொண்டே போயின. நிறுத்தியது மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று பிறகுதான் புரிந்தது. இந்த மருந்து மரபணு இழைகளைப் பிணைத்துப்போடுகிறது, கதிரின் வேலைக்குக் கை கொடுக்கிறது. கதிரோடு இதைச் சேர்த்தால் இறப்பு 30 முதல் 50 சதவீதம்வரை குறைகிறது என்று 1999-இல் ஐந்து ஆய்வுகள் ஒரே குரலில் சொன்ன பிறகு, அதுவே உலக வழக்கமானது. முடி கொட்டிவிடும் என்று பயந்தோம். வாராந்திர அளவில் பெரும்பாலும் முழுக்கக் கொட்டுவதில்லை. குமட்டல் உண்டு. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். ரத்தம் குறைவாக இருந்தால் கதிரின் பலனும் குறையும், அதனால் ரத்தம் ஏற்றச் சொன்னால் தட்டாதீர்கள்.

இதெல்லாம் முடிந்தால் உள் கரண்ட். பலர் இந்தக் கட்டத்தில் பயந்து ஓடிவிடுகிறார்கள், அதுதான் பெரிய தவறு. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் கட்டியைச் சுருக்கும். மிச்சத்தை வேரோடு அழிப்பது உள்ளே வைப்பதுதான். மயக்கமோ மரப்பு ஊசியோ கொடுத்துவிட்டு, ஒரு மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள்ளும் வாயின் இரு பக்கத்தில் இரண்டு சிறு கருவிகளையும் பொருத்துவார்கள். எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, ஒரு கம்பியின் முனையில் இருக்கும் அரிசி மணி அளவு இரிடியம் மெஷினிலிருந்து நகர்ந்து குழாய்க்குள் போகும். சில நிமிடங்கள் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். விளக்கின் அருகே வெளிச்சம் அதிகம், தள்ளிப் போகப் போக மங்கல், அதே கணக்குதான். கட்டிக்கு முழு அளவு, சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் குறைந்த அளவு. உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம், ஒன்றும் ஆகாது.

மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தாண்டினால் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. அடிபட்ட புற்றுச் செல்களில் தப்பியவை நாலாவது வாரத்துக்குப் பிறகு முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குவதே காரணம். பதினெட்டாம் நாள் பெரியம்மா, பேரன் காதுகுத்துக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். மெஷின் அறையில் வேலை பார்க்கும் தம்பி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். “அம்மா, காதுகுத்தை ஒரு மாசம் தள்ளி வச்சா அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லாது. இதை நடுவுல விட்டீங்கன்னா இதுவரைக்கும் வச்சதெல்லாம் வீணாப்போயிடும்.” பெரியம்மா போகவில்லை. காதுகுத்து தள்ளிப்போனது. ஐம்பத்து நாலாம் நாள் எல்லாம் முடிந்தது. இப்போது நாலு வருடம் ஆகிறது.

முடிந்த பிறகு வருவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இளம் பெண்களுக்குத் தீட்டு நின்றுவிடும். பெண்ணுறுப்பு சுருங்கி இறுகும், அதை விரித்துவைக்கக் கருவியும் பயிற்சியும் உண்டு, கேட்டால்தான் சொல்கிறார்கள். சில மாதம், சில வருடம் கழித்துச் சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் வரலாம். அது நோய் திரும்பியது என்றே இருக்க வேண்டியதில்லை, ஆனால் காட்ட வேண்டும். நோய் தூரத்துக்குப் பரவியவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புது மருந்துகள் வந்திருக்கின்றன. ஆயுளை நீட்டுகின்றன, விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்பதற்குத்தான் அந்தப் பத்து வருட அவகாசம். அதைப் பயன்படுத்த முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்ததில் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-இல் தொடங்கி, ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை ஆஸ்பத்திரியும் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் குழுவும் சேர்ந்து, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கிராமம் கிராமமாக வினிகர் சோதனை செய்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பது. உருமாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் திரையிடும். பார்த்தது பயிற்சி பெற்ற நர்சுகள். 2007-இல் வெளியான முடிவில், சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. இரண்டு வருடம் கழித்து மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வு, எச்.பி.வி. வைரஸையே தேடும் சோதனையை ஒரே ஒரு முறை செய்தாலே இறப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்று காட்டியது.

இத்தனைக்கும் பிறகு, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர்தான். இந்திய அளவில் நூறில் இரண்டு பேர். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். தடுப்பது கூச்சமும், எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்ற நினைப்பும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. வைரஸ் வருவதற்கு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள், தடுப்பூசி. இலங்கையில் 2017 முதலே பள்ளியில் சிறுமிகளுக்குப் போடுகிறார்கள். இந்தியாவிலேயே தயாராகும் ஊசியும் வந்துவிட்டது. ஒரு தவணையே வருடக்கணக்கில் காப்பாற்றுகிறது என்பதை உலகத்துக்குக் காட்டியதில் இந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு. ஊசி போட்டவர்களும் முப்பதுக்குப் பிறகு சோதனை செய்துகொள்ள வேண்டும், எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை.

பெரியம்மாவின் மகள், என் அக்கா, போன வருடம் சுகாதார நிலையத்துக்குப் போனாள். வயது நாற்பத்தொன்று, ஒரு தொந்தரவும் கிடையாது. நர்ஸ் அமிலத்தைத் தடவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாராம். ஒரு ஓரத்தில் பட்டாணி அளவுக்கு வெளுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பெரிதாக்கிப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, புற்றுக்கு முந்தைய நிலைதான் என்று உறுதி செய்தார்கள். அப்புறம் ஒரு நாள் சூடான சின்னக் கருவி ஒன்றை அந்த இடத்தில் அரை நிமிடம் வைத்து எடுத்தார்கள். லேசாக வயிறு பிசைந்தது என்றாள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து ராத்திரிக்கு இட்லி ஊற்றினாள். ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லித் தேதி எழுதிக் கொடுத்த சீட்டு, காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது.